வேலி, மா, குழிக்கு ஒரு விண்டோ
முதல் டெஸ்க்டாப் புரோகிராமுக்கு எந்த சிஸ்டம், எந்தக் கருவி?

கம்ப்யூட்டர் வாங்கி, டைப் செய்யவும் படம் பார்க்கவும் இன்டர்நெட்டில் உலாவவும் பழகிய பிறகு பலருக்கும் அடுத்து ஓர் ஆசை வரும். "நமக்கு வேண்டிய புரோகிராமை நாமே எழுதினால் என்ன?" என்பதுதான் அது. கறுப்புத் திரையில் கட்டளை டைப் செய்யும் புரோகிராம் வேண்டாம். விண்டோ திறக்க வேண்டும், கட்டங்களில் எண்ணை நிரப்ப வேண்டும், பட்டனைக் கிளிக் செய்தால் விடை வர வேண்டும். இப்படிப்பட்ட புரோகிராமைத்தான் வரைகலை இடைமுகம் கொண்ட டெஸ்க்டாப் அப்ளிகேஷன் என்கிறோம்.

ஆசை வந்ததும் குழப்பமும் வரும். விசுவல் பேசிக் படி என்பார் ஒருவர். ஜாவா படி என்பார் இன்னொருவர். பைதான்தான் இப்போது எல்லாம் என்பார் மூன்றாமவர். எதைத் தொடங்குவது? ஒரு உண்மையான வேலையை எதிரில் வைத்துக்கொண்டு கேட்டால்தான் இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்கும். எனவே தஞ்சாவூர்ப் பகுதியில் தினமும் தேவைப்படும் ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம்.

நம் கணக்கு என்ன?

டெல்டாவில் நிலத்தை வேலி, மா, குழி என்று சொல்வது இன்றும் வழக்கம். வங்கியில் பயிர்க்கடன் வாங்கப் போனால் ஏக்கர், சென்ட் கேட்பார்கள். பட்டா, சிட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். ஒரே வயலுக்கு மூன்று கணக்கு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதுதான் நம் புரோகிராமின் வேலை.

அளவுகளைப் பாருங்கள்:

* 12 அடிக் கோலால் அளந்தால் 1 குழி = 12 × 12 = 144 சதுர அடி
* 100 குழி = 1 மா = 14,400 சதுர அடி
* 20 மா = 1 வேலி = 2,88,000 சதுர அடி
* 1 சென்ட் = 435.6 சதுர அடி
* 100 சென்ட் = 1 ஏக்கர் = 43,560 சதுர அடி
* 1 ஏர் = 100 சதுர மீட்டர் = 1,076.39 சதுர அடி
* 100 ஏர் = 1 ஹெக்டேர்

பேச்சு வழக்கில் "மூணு மா ஒரு ஏக்கர்" என்று சொல்லிவிடுவார்கள். அப்படிப் பார்த்தால் 1 மா என்பது 33.33 சென்ட். மேலே உள்ள கணக்குப்படி 1 மா என்பது 33.06 சென்ட்தான். சின்ன வித்தியாசம் என்று தோன்றும். 1 வேலிக்குப் போட்டுப் பாருங்கள்: வாய்க்கணக்கில் 6.67 ஏக்கர், சரிக்கணக்கில் 6.61 ஏக்கர். ஐந்தரை சென்ட் வித்தியாசம். 5 வேலி என்றால் 27 சென்டுக்கு மேல் போய்விடும். குத்தகை பேசும்போதும் பாகம் பிரிக்கும்போதும் இந்த 27 சென்ட் சும்மா விடக்கூடிய நிலமா? ஊருக்கு ஊர் அளவுகோல் மாறுவதும் உண்டு. ஆகவே குழிக்கு எத்தனை சதுர அடி என்பதையும் பயன்படுத்துபவர் மாற்றிக்கொள்ளும்படி புரோகிராமில் ஒரு கட்டம் இருக்க வேண்டும்.

முதலில் ஒன்று: புரோகிராம் தேவையா?

இந்தக் கணக்கை எக்ஸெல்லிலோ, இலவசமாகக் கிடைக்கும் லிபர்ஆஃபீஸ் கால்க்கிலோ பத்து நிமிடத்தில் போட்டுவிடலாம். நீங்கள் ஒருவர் மட்டும், எப்போதாவது ஒருமுறை பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் அதுவே போதும்.

ஆனால் கம்ப்யூட்டர் பழகாத அப்பாவோ பெரியப்பாவோ பயன்படுத்த வேண்டும், ஃபார்முலா இருக்கும் கட்டத்தை யாரும் தவறுதலாக அழித்துவிடக் கூடாது, தவறான எண்ணை டைப் செய்தால் தமிழில் எச்சரிக்கை வர வேண்டும் என்றெல்லாம் தேவை இருந்தால் தனிப் புரோகிராம்தான் வசதி.

கருவியைத் தேடும் முன் நான்கு கேள்விகள்

புரோகிராமிங் மொழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஒரு பேப்பரில் இந்த நான்குக்கும் பதில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. யாருடைய கம்ப்யூட்டரில் ஓட வேண்டும்? அதில் விண்டோஸா, லினக்ஸா? 32 பிட்டா, 64 பிட்டா?
2. திரையில் தமிழ் வேண்டுமா? காட்டினால் போதுமா, தமிழில் டைப் செய்யவும் வேண்டுமா?
3. அந்தக் கம்ப்யூட்டர் எவ்வளவு பழையது? ராம் எவ்வளவு?
4. புரோகிராமை இலவசமாகக் கொடுக்கப் போகிறீர்களா, விற்கப் போகிறீர்களா?

பெரும்பாலோர் முதல் கேள்வியைத் தன் கம்ப்யூட்டரை மட்டும் பார்த்துவிட்டு முடித்துவிடுகிறார்கள். புரோகிராம் ஓடப்போவது அடுத்தவர் கம்ப்யூட்டரில். அதில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

விண்டோஸா, லினக்ஸா?

நம் பக்கத்து வீடுகளிலும் கடைகளிலும் அதிகம் இருப்பது விண்டோஸ். இதில் கவனிக்க வேண்டியது பதிப்பு. விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபரிலும் நிறுத்தியது. ஆதரவு நின்றாலும் அந்தக் கம்ப்யூட்டர்கள் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது. பழைய கம்ப்யூட்டர்களிலோ 32 பிட் விண்டோஸ் இருக்கலாம். 64 பிட் புரோகிராம் 32 பிட் விண்டோஸில் ஓடாது. 32 பிட் புரோகிராம் இரண்டிலும் ஓடும். நம்முடையதைப் போன்ற சின்னக் கணக்குக்கு 32 பிட்டாகவே தயாரித்தால் நஷ்டம் எதுவும் இல்லை.

லினக்ஸும் நம் ஊருக்குப் புதிது அல்ல. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸை உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. அதன் தொடக்க காலத்தில் எல்காட் மூலம் வழங்கப்பட்ட லேப்டாப்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே போடப்பட்டிருந்தது. இப்படிப்பட்ட பழைய லேப்டாப் ஒன்று வீட்டில் இருந்தால், அதில் ஓர் இலகுவான லினக்ஸை நிறுவி மீண்டும் உயிர் கொடுக்கலாம். அதற்கும் சேர்த்துப் புரோகிராம் எழுத வேண்டுமென்றால், விண்டோஸில் மட்டும் ஓடும் கருவிகளை இப்போதே ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

ஆப்பிள் மேக் வைத்திருப்பவர்களுக்கு எழுதுவது தனிக் கதை. மேக்கில் ஓடும் புரோகிராமைத் தயாரித்துச் சோதிக்க ஒரு மேக் வேண்டும். அது இல்லாதவர்கள் இப்போதைக்கு இதை விட்டுவிடலாம்.

தமிழ் என்ற பரீட்சை

நல்ல கருவி என்று பெயரெடுத்த பலவும் தடுக்கி விழும் இடம் இது. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

1990-களில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒவ்வொரு விதம். ஆங்கில எழுத்துகளுக்கான இடத்தில் தமிழ் வடிவங்களைப் போட்டு வைத்திருந்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரு குறியேற்றங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் ஏற்றுக்கொண்டது. இன்டர்நெட்டில் டிஸ்கி என்ற குறியேற்றமும் பரவலாக இருந்தது. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், அரசு யூனிகோடையும் அதனுடன் டேஸ் 16 என்பதையும் ஏற்று ஆணை வெளியிட்டது. இன்று செல்போன் முதல் வங்கி வரை எல்லாம் யூனிகோட்தான்.

இதற்கும் நம் புரோகிராமுக்கும் என்ன சம்பந்தம்? 1998-இல் வந்த விசுவல் பேசிக் 6 ஒரு காலத்தில் நம் ஊர் கம்ப்யூட்டர் சென்டர்களில் எல்லாம் சொல்லிக்கொடுக்கப்பட்டது. ஃபார்மில் பட்டனை இழுத்துப் போட்டு, இரண்டு கிளிக்கில் புரோகிராம் எழுதும் சுகத்தைப் பலருக்கும் காட்டியது அதுதான். ஆனால் அதன் சாதாரண லேபிளிலும் டெக்ஸ்ட் பாக்ஸிலும் யூனிகோட் தமிழ் வராது. வெறும் கேள்விக்குறிகளாகத் தெரியும். ஆகவே அன்று டாம் போன்ற எழுத்துருவைப் போட்டுத்தான் தமிழைக் காட்டினார்கள். அப்படிச் சேமித்த பெயர்களை அந்த எழுத்துரு இல்லாத இன்றைய கம்ப்யூட்டரில் திறந்தால் பொருளற்ற குறிகளாக வரும். அதற்கென உள்ள எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்தால்தான் படிக்க முடியும். கருவியைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் வீணாகப் போவது புரோகிராம் மட்டுமல்ல. வருடக்கணக்காக உட்கார்ந்து டைப் செய்த தகவலும் அதனோடு மாட்டிக்கொள்கிறது. விசுவல் பேசிக் 6 எழுதும் கருவிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008-இல் நிறுத்திவிட்டது. பழைய புத்தகம் கையில் இருக்கிறதே என்பதற்காக அதில் புதிதாகத் தொடங்க வேண்டாம்.

ஒரு கருவி தமிழுக்குச் சரிப்படுமா என்று பார்க்க மூன்று சோதனைகள் போதும்.

சோதனை 1: காட்டுவது. ஒரு லேபிளில் "கொள்முதல் நெல்" என்று போடுங்கள். 'கொ' என்பதில் ஒற்றைக்கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வந்து, 'ள்' மேல் புள்ளி சரியாக உட்கார வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பியில் இந்த வசதியைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது. விஸ்டா முதல் தானாகவே இருக்கிறது. லதா எழுத்துரு விண்டோஸ் 2000-த்தில் வந்தது. விண்டோஸ் 8-இல் நிர்மலா யூஐ சேர்ந்தது.

சோதனை 2: எண்ணுவது. "நெல்" என்பதில் நமக்கு இரண்டு எழுத்து. பைதானில் நீளம் கேட்டால் 4 என்று சொல்லும். ந, ஒற்றைக்கொம்பு, ல, புள்ளி என்று தனித்தனியாக எண்ணுகிறது. லாசரஸில் சாதாரண நீளக் கட்டளை 12 என்று சொல்லும். அது எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ணுகிறது. யூடிஎஃப் 8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். இது பிழை அல்ல. ஆனால் தெரியாமல் "பெயரில் முதல் 10 எழுத்தை மட்டும் அச்சிடு" என்று சொன்னால், நடுவில் வெட்டுப்பட்டுக் கொம்பும் புள்ளியும் அந்தரத்தில் தொங்கும். பைதானில் எழுதுபவர்கள் ஓபன்-தமிழ் என்ற இலவசத் தொகுப்பைச் சேர்த்துக்கொண்டால் தமிழ் எழுத்தாகவே பிரித்துத் தரும்.

சோதனை 3: வரிசைப்படுத்துவது. நம் அகரவரிசையில் 'பயிர்' முன்னால், 'பனை' பின்னால். யூனிகோட் எண் வரிசையில் 'ன' என்பது 'ந'-வுக்கு அடுத்தே வந்துவிடுவதால், 'பனை' முந்திக்கொள்ளும். பெயர்ப் பட்டியல் தயாரிக்கும் புரோகிராம் என்றால், தமிழ் மொழிக்குரிய வரிசைப்படுத்தும் வசதியை அந்தக் கருவி தருகிறதா என்று பார்க்க வேண்டும்.

தமிழர்கள் எழுதிய ஒரு டெஸ்க்டாப் புரோகிராமே இங்கு நல்ல பாடம். தமிழில் டைப் செய்யப் பலரும் பயன்படுத்திய இ-கலப்பை 'தமிழா' குழுவினரின் வெளியீடு. அதன் ஆரம்பப் பதிப்புகள், அப்போது கட்டண மென்பொருளாக இருந்த கீமேன் என்பதன் மேல் அமைந்தவை. பிறகு 3-ஆம் பதிப்பை கியூடி என்ற கருவியில் புதிதாக எழுதி, மூல நிரலோடு இலவசமாகக் கொடுத்தார்கள். அடித்தளம் அடுத்தவருடையதாக இருந்தால், ஒரு நாள் முழுவதையும் மாற்றி எழுத வேண்டிவரலாம். தேர்ந்தெடுக்கும்போதே உரிமத்தைப் படியுங்கள் என்று நான்காவது கேள்வியில் சொன்னது இதனால்தான்.

கருவிகள் ஒவ்வொன்றாக

விசுவல் பேசிக் டாட்நெட், சி ஷார்ப்: மைக்ரோசாஃப்ட் 2002-இல் டாட்நெட்டோடு வின்ஃபார்ம்ஸ் என்ற முறையைக் கொண்டுவந்தது. பழைய விசுவல் பேசிக்கைப் போலவே இழுத்துப் போட்டு ஃபார்ம் அமைக்கலாம். யூனிகோட் தமிழ் தடையின்றி வரும். விசுவல் ஸ்டுடியோவின் கம்யூனிட்டி பதிப்பு 2014 முதல் தனிநபர்களுக்கு இலவசம். அதில் எழுதியதை விற்கவும் செய்யலாம். குறைகள் இரண்டு. நிறுவப் பல ஜிபி இடமும் நல்ல இன்டர்நெட் இணைப்பும் வேண்டும். வின்ஃபார்ம்ஸ் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். 2006-இல் வந்த டபிள்யூபிஎஃப்பில் அழகான திரைகளை அமைக்கலாம். ஆனால் அதைக் கற்க நாள் பிடிக்கும். முதல் புரோகிராமுக்கு வின்ஃபார்ம்ஸ் போதும்.

லாசரஸ்: பாஸ்கல் மொழியில் எழுதுவது. ஒரு காலத்தில் புகழ்பெற்ற டெல்ஃபியைப் போன்ற அமைப்பு; முற்றிலும் இலவசம். இதன் 1.0 பதிப்பு 2012-இல் வந்தது. டவுன்லோடு சிறியது. பழைய கம்ப்யூட்டரிலும் வேகமாகத் திறக்கும். விண்டோஸிலும் லினக்ஸிலும் அதே நிரலை வைத்துத் தனித்தனியாகத் தயாரிக்கலாம். முடிவில் கிடைப்பது ஒரே ஒரு இஎக்ஸ்இ ஃபைல். பென் டிரைவில் எடுத்துப் போய் டபுள் கிளிக் செய்தால் ஓடும். குறை என்றால் தமிழில் பாடநூல் கிடைப்பது அரிது. வேலைவாய்ப்புக்கு பாஸ்கல் அதிகம் உதவாது.

பைதான்: கற்க மிக எளிது, பள்ளி, கல்லூரியிலும் பாடமாக இருக்கிறது. அதனுடன் டிகின்டர் என்ற விண்டோ அமைக்கும் தொகுப்பு சேர்ந்தே வருகிறது. ஆனால் ஃபார்மை இழுத்துப் போட்டு அமைக்கும் வசதி அதில் இல்லை. ஒவ்வொரு பட்டனையும் நிரலில் எழுத வேண்டும். இன்னொரு முக்கியமான விஷயம்: லினக்ஸில் டிகே 8.6 பதிப்பு தமிழ்க் கொம்பு, கால்களைச் சரியாகச் சேர்த்துக் காட்டாது. விண்டோஸில் அந்தத் தொல்லை இல்லை. லினக்ஸிலும் நல்ல தமிழ் வேண்டுமென்றால் பைதானோடு பைசைட் என்ற கியூடி தொகுப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கியூடி: நார்வேயில் பிறந்தது, முதல் வெளியீடு 1995. லினக்ஸின் கேடிஇ டெஸ்க்டாப் முழுவதும் இதில்தான் அமைந்தது. சி++ மொழியில் எழுதுவது. தமிழை நன்றாகக் கையாளும். எல்லா சிஸ்டத்திலும் ஓடும். கற்பது கடினம். பைசைட் தாராளமான எல்ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. அதே வேலையைச் செய்யும் பைகியூடி ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. மூல நிரலைக் கொடுக்காமல் விற்பதென்றால் கட்டண உரிமம் வாங்க வேண்டும்.

ஜாவா: 1998-இல் ஸ்விங் என்ற விண்டோ முறை ஜாவாவோடு சேர்ந்தது. நெட்பீன்ஸில் ஃபார்மை இழுத்துப் போட்டு அமைக்கலாம். எங்கும் ஓடும், ஆனால் ஓட்டுவதற்கு ஜாவாவும் அந்தக் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும், அல்லது புரோகிராமோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். கல்லூரியில் ஜாவா படிப்பவர்களுக்கு ஏற்றது.

கம்பாஸ்: விசுவல் பேசிக் பழகியவர்கள் லினக்ஸுக்கு மாறினால் கை தானாகவே பழகிவிடும். லினக்ஸ் போன்ற சிஸ்டங்களுக்காகவே எழுதப்பட்டது.

எலக்ட்ரான்: இணையப் பக்கம் எழுதத் தெரிந்தவர்கள் அதே அறிவைக் கொண்டு டெஸ்க்டாப் புரோகிராம் செய்ய உதவுவது, 2013-இல் தொடங்கியது. தமிழ் அருமையாக வரும். ஆனால் ஒவ்வொரு புரோகிராமோடும் ஒரு முழு பிரவுசரே சேர்ந்து வருவதால், ஒரு சின்னக் கணக்குப் புரோகிராம்கூட நூறு எம்பியைத் தாண்டும். ராமையும் நிறைய எடுத்துக்கொள்ளும். பழைய லேப்டாப்புக்கு வேண்டாம்.

யாருக்கு எது?

* விண்டோஸ் மட்டும், புதிய கம்ப்யூட்டர், நல்ல இன்டர்நெட்: சி ஷார்ப் அல்லது விசுவல் பேசிக் டாட்நெட், வின்ஃபார்ம்ஸ்.
* பழைய கம்ப்யூட்டர், பென் டிரைவில் கொடுக்க வேண்டும், லினக்ஸும் வேண்டும்: லாசரஸ்.
* மாணவர், வருங்காலத்தில் வேலைக்கும் உதவ வேண்டும்: பைதானும் பைசைடும்.
* லினக்ஸ் மட்டும்: கம்பாஸ் அல்லது பைதான்.
* பெரிய பொதுப் பயன்பாட்டு மென்பொருள், குழுவாக எழுதுவது: கியூடி.

நம் நிலக் கணக்குப் புரோகிராம் பழைய கம்ப்யூட்டரிலும் ஓட வேண்டும், பென் டிரைவில் கொடுக்க வேண்டும். எனவே லாசரஸை எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம்.

செய்முறை

1. லாசரஸைத் திறந்து, ப்ராஜெக்ட் மெனுவில் நியூ ப்ராஜெக்ட் என்பதைக் கிளிக் செய்யுங்கள். வரும் பட்டியலில் அப்ளிகேஷன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். காலியான ஒரு ஃபார்ம் வரும். உடனே ஒரு புதிய ஃபோல்டரில் அனைத்தையும் சேமித்துவிடுங்கள்.

2. மேலே ஸ்டாண்டர்டு என்ற பகுதியிலிருந்து நான்கு லேபிள்களையும் நான்கு எடிட் கட்டங்களையும் ஃபார்மில் வையுங்கள். லேபிள்களின் கேப்ஷனில் வேலி, மா, குழி, குழிக்குச் சதுர அடி என்று தமிழிலேயே டைப் செய்யுங்கள். நான்காவது கட்டத்தில் 144 என்று முன்கூட்டியே போட்டு வையுங்கள்.

3. ஒவ்வொரு கட்டத்துக்கும் நேம் என்ற இடத்தில் பொருள் புரியும் பெயர் கொடுங்கள். எடிட் 1, எடிட் 2 என்றே விட்டால் ஒரு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது.

4. ஒரு பட்டனை வைத்து, கேப்ஷனில் "கணக்கிடு" என்று எழுதுங்கள். விடைக்காக இன்னும் இரண்டு லேபிள்களை வையுங்கள்.

5. பட்டனை டபுள் கிளிக் செய்தால் நிரல் எழுதும் இடம் திறக்கும். அங்கு இந்தக் கணக்கை எழுத வேண்டும்:

மொத்தக் குழி = (வேலி × 20 + மா) × 100 + குழி
சதுர அடி = மொத்தக் குழி × குழிக்குச் சதுர அடி
மொத்த சென்ட் = சதுர அடி ÷ 435.6
மொத்த ஏர் = சதுர அடி ÷ 1076.39

6. கணக்கை நேரடியாகப் பட்டனுக்குள் எழுதாமல், தனி ஃபங்ஷனாக, முடிந்தால் தனி யூனிட்டாக எழுதுங்கள். பட்டன் அதை அழைக்கட்டும். நாளைக்கு லாசரஸை விட்டு வேறு கருவிக்குப் போனாலும் மாற்ற வேண்டியது விண்டோ மட்டுமே. கணக்கு அப்படியே கை கொடுக்கும். இந்தப் பாடத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

7. எஃப் 9 கீயை அழுத்தி ஓட்டிப் பாருங்கள்.

சரிபார்ப்பது எப்படி?

1 வேலி, 3 மா, 50 குழி என்று கொடுங்கள். மொத்தக் குழி 2,350. சதுர அடி 3,38,400. விடை 7 ஏக்கர் 76.86 சென்ட், அல்லது 3 ஹெக்டேர் 14.38 ஏர் என்று வர வேண்டும். வரவில்லையென்றால் அடைப்புக்குறிகளைப் பாருங்கள். 20-ஆல் பெருக்கும் முன் மாவைக் கூட்டிவிடுவது வழக்கமான தவறு.

அடுத்து, வேண்டுமென்றே தவறாகக் கொடுத்துப் பாருங்கள்.

காலிக் கட்டம்: மா கட்டத்தைக் காலியாக விட்டால் புரோகிராம் ஆங்கிலத்தில் பிழை காட்டி நிற்கும். காலியாக இருந்தால் 0 என்று எடுத்துக்கொள்ளச் செய்யுங்கள்.

எழுத்து: எண்ணுக்குப் பதில் எழுத்து வந்தால் 0 என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. "மா கட்டத்தில் எண் மட்டும் இடவும்" என்று தமிழில் சொல்லி நிறுத்த வேண்டும். தவறை மறைத்து விடை காட்டும் புரோகிராமை நம்பி நிலம் பேச முடியாது.

காற்புள்ளி: சிலர் 1,200 என்று காற்புள்ளியோடு டைப் செய்வார்கள். கணக்கிடும் முன் காற்புள்ளியை நீக்கிவிடுங்கள்.

முழுமையாக்கல்: 99.998 சென்ட் என்று வந்தால், இரண்டு தசமத்துக்குச் சுருக்கும்போது "6 ஏக்கர் 100.00 சென்ட்" என்று காட்டிவிடும். முதலில் மொத்த சென்டைச் சுருக்கிவிட்டு, பிறகு 100-ஆல் வகுத்து ஏக்கரையும் சென்டையும் பிரித்தால் இந்தத் தொல்லை வராது. ஹெக்டேருக்கும் இதே முறைதான்.

அடுத்தவர் கம்ப்யூட்டருக்குப் போகும்போது

புரோகிராம் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுவதால் மட்டும் வேலை முடியவில்லை. லாசரஸ் நிறுவப்படாத வேறு கம்ப்யூட்டரில் போட்டு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். பிழை தேடுவதற்கான கூடுதல் தகவலும் சேர்ந்திருப்பதால் இஎக்ஸ்இ ஃபைல் முதலில் மிகப் பெரிதாக இருக்கும். ப்ராஜெக்ட் ஆப்ஷன்ஸில் அதை நீக்கிவிட்டுத் தயாரித்தால் சில எம்பியில் அடங்கிவிடும். டிஜிட்டல் கையெழுத்து இல்லாத புரோகிராம்களை, அதுவும் இன்டர்நெட்டில் இறக்கியவற்றை, விண்டோஸ் எச்சரித்துத் தடுக்கும். யார் கொடுத்தது என்று தெரிந்தால் மட்டும் அதைத் தாண்டிப் போகச் சொல்லுங்கள்.

விவசாயி பெயர், சர்வே எண் என்று தகவலையும் சேமிக்க விரும்பினால், எந்தப் புரோகிராமிலும் திறக்கக்கூடிய வடிவத்தில் சேமியுங்கள். சிறிய பட்டியலுக்கு யூடிஎஃப் 8 முறையில் சிஎஸ்வி ஃபைல் போதும். ஃபைலின் தொடக்கத்தில் யூடிஎஃப் 8 அடையாளக் குறியையும் எழுதிவிடுங்கள். அது இல்லையென்றால் எக்ஸெல்லில் டபுள் கிளிக் செய்து திறக்கும்போது தமிழ் சிதைந்து தெரியும். பட்டியல் வளர்ந்தால் எஸ்கியூலைட் என்ற இலவச டேட்டாபேஸுக்கு மாறுங்கள். அதை மேலே சொன்ன எல்லாக் கருவிகளிலிருந்தும் படிக்க முடியும். டாம் எழுத்துருவில் பூட்டப்பட்ட பழைய பட்டியல்களுக்கு நேர்ந்த கதி உங்கள் தகவலுக்கு வராது.

வீட்டுப்பாடம்

1. எதிர்த்திசையில் மாற்றும் பட்டன் ஒன்று சேருங்கள். ஹெக்டேர், ஏர் கொடுத்தால் வேலி, மா, குழி வர வேண்டும். பட்டாவைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் அதிகம் பயன்படும்.

2. ஒரு மாவுக்கு இத்தனை மூட்டை குத்தகை என்று கொடுத்தால் மொத்த நெல் எவ்வளவு என்று காட்டுங்கள். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம் 40 கிலோ. வெளி வியாபாரத்தில் மூட்டையின் எடை வேறு. ஆகவே மூட்டைக்கு எத்தனை கிலோ என்பதற்கும் தனிக் கட்டம் வையுங்கள்.

3. 12 மரக்கால் ஒரு கலம். கலம், மரக்கால் கணக்கையும் அதே ஃபார்மில் சேர்க்க முடியுமா என்று முயன்று பாருங்கள்.

மூன்றையும் முடித்துவிட்டால், விடையை வெள்ளைத்தாளில் கையால் போட்டுச் சரிபார்த்த பிறகே அடுத்தவருக்குக் கொடுங்கள்.